ஆழம் தெரியாது என்று சொல்லும் பாட்டு

ஆறுதல் பாடல்கள் என்று சொல்லப்படுபவற்றின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அவசரக்காரப் பாடல்கள். முதல் சரணத்தில் இருட்டியிருந்தால் இரண்டாம் சரணத்தில் விடிந்தே ஆக வேண்டும், மூன்றாவதில் கேட்பவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் மெட்டிலேயே தெரியும். கேட்பவருடைய துயரத்தின் பக்கத்தில் உட்காருவதைவிட அதைச் சீக்கிரம் முடித்துவைப்பதிலேயே அவற்றுக்கு அக்கறை அதிகம். கொரியப் பாப் இசையிலும் இப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கின்றன; அவற்றில் சில நல்ல பாடல்களும்கூட. ஆனால் 2016 மார்ச் 9 அன்று வெளியான ஒரு பாடல் இந்த அவசரம் எதுவும் இல்லாமல், துயரத்திலிருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறது. லீ ஹாய் பாடிய அதற்குக் கொரிய மொழியில் 'ஹன்சும்', அதாவது பெருமூச்சு என்று பெயர். உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்கு அது 'பிரீத்' என்ற ஆங்கிலத் தலைப்பில்தான் பழக்கம்.

லீ ஹாய் அப்போது 19 வயதுப் பெண். 2011-இன் இறுதியில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி தொடங்கிய 'கே-பாப் ஸ்டார்' போட்டியின் முதல் பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்தவர். பதினைந்து வயதுப் பிள்ளையிடமிருந்து யாரும் எதிர்பார்க்காத, அடித்தொண்டையின் கரகரப்பு கலந்த கனமான குரல் அவருடையது. 2012 அக்டோபரில் முதல் பாடல், 2013-இல் முதல் இசைத்தொகுப்பு, அதன்பின் சொந்தப் பெயரில் புதிய தொகுப்பு எதுவும் வராமல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது முகம் காட்டாவிட்டால் மறந்துபோகும் சந்தையில் மூன்றாண்டு என்பது நீண்ட காலம். 'சியோலைட்' என்ற தொகுப்பின் முதல் பாதியோடு அவர் திரும்பி வந்தபோது முன்னிறுத்தப்பட்ட இரண்டு பாடல்களில் ஒன்று இது. எழுதியவர் வேறொரு பெரிய நிறுவனத்தின் பாடகர், ஷைனி குழுவின் ஜோங்ஹ்யுன். லீ ஹாய் ஒய்ஜி நிறுவனத்தைச் சேர்ந்தவர், ஜோங்ஹ்யுன் எஸ்எம் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலுள்ள தொழில் போட்டியை அறிந்தவர்களுக்கு இது அன்று ஒரு சிறிய வியப்பு.

பாடல் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிலவில்லை, மழையில்லை, பிரிந்துபோன காதலர் இல்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பாருங்கள், மார்பின் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் அளவுக்கு, சற்றே வலிக்கும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள் என்கிறது முதல் வரி. பிறகு அதைவிடக் கூடுதலாக வெளியே விடுங்கள், உள்ளே இனி எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும்வரை விடுங்கள் என்கிறது. அவ்வளவுதான் தொடக்கம். மனத்தைப் பற்றிய பேச்சே இன்னும் வரவில்லை. விலா எலும்பு, நுரையீரல், காற்று என்று உடம்போடு நிற்கிறது. மனம் உடைந்திருப்பவரிடம் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் உடனே கதவைச் சாத்திக்கொள்வார் என்பதை எழுதியவர் அறிந்திருக்கிறார். மூச்சு விடுங்கள் என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. எப்படியும் விட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விலகல். பெருமூச்சை நாம் சோர்வின் அடையாளமாகத்தான் எண்ணுகிறோம். விளக்கு வைக்கும் நேரத்தில் பெருமூச்சு விட்டால் வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். ஆனால் உடலியலின்படி அது ஒரு பழுதுபார்ப்பு வேலை. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. சாதாரண மூச்சில் அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. வழக்கமான மூச்சைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றை உள்ளே இழுக்கும் ஒரு பெருமூச்சுதான் அவற்றை மறுபடி விரித்துத் திறக்கிறது. நாம் கவலையில்லாமல் இருக்கும்போதும் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை நமக்கே தெரியாமல் இப்படிச் செய்துகொண்டிருக்கிறோம். மூளைத்தண்டில் இந்தப் பெருமூச்சை ஏவும் சிறிய நரம்பணுக் கூட்டத்தை எலிகளில் கண்டறிந்த யூசிஎல்ஏ, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானது 2016 பிப்ரவரியில். பாடல் வந்தது அதற்கு அடுத்த மாதம். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். பாடல் விடச் சொல்லும் அந்த நீண்ட வெளிமூச்சுக்கும் ஒரு காரணம் உண்டு: மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றே தணிகிறது, வெளிமூச்சு நீளும்போது அந்தத் தணிவும் நீள்கிறது. பாட்டெழுதியவர் இதையெல்லாம் படித்துவிட்டு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. பாடகர் என்பவர் மூச்சைத் தொழிலாகக் கொண்டவர். சொல்லித் தெரியவேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது.

தொடக்கத்துக்குப் பின் பாடல் சில சின்னச் சின்ன அனுமதிகளைத் தருகிறது. மூச்சு வாங்கினால் பரவாயில்லை, யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். எப்போதாவது தவறு செய்தால் பரவாயில்லை, எல்லோரும் செய்வதுதான். இதுவரை இது மற்ற ஆறுதல் பாடல்கள் போகும் பாதைதான். அடுத்த அடியில் பாடல் தன்னையே திருப்பிப் பார்க்கிறது. 'பரவாயில்லை' என்று நான் சொல்வதும் வெறும் வாய்வார்த்தை ஆறுதல்தான் என்று அது ஒப்புக்கொள்கிறது. நான் இந்தப் பாடலை நம்பத் தொடங்கியது இங்கேதான். ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆறுதலின் எல்லையை ஒருவர் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு வரும் பல்லவி இன்னும் ஒரு படி போகிறது: இன்னொருவருடைய பெருமூச்சை, அந்தக் கனத்த மூச்சை, நான் எப்படி அளந்துவிட முடியும்? உங்கள் பெருமூச்சின் ஆழம் எனக்குப் புரியாமலே போகலாம். ஆனாலும் பரவாயில்லை, நான் உங்களை அணைத்துக்கொள்கிறேன்.

'எனக்குப் புரிகிறது' என்பதுதான் ஆறுதல் தொழிலின் முதல் மூலதனம். புரிகிறது என்று சொல்லாமல் ஆறுதல் சொல்ல முடியாது என்றே எல்லோரும் நினைக்கிறோம். இந்தப் பாடல் அந்த மூலதனத்தைத் தொடவே இல்லை. புரியாது என்று சொல்லிவிட்டு, புரிவதற்காகக் காத்திருக்காமல் கையை நீட்டுகிறது. நீட்டிய கைக்கு ஈடாகக் கேட்பவர் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்பதில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அது வெளியான நாட்டையும் காலத்தையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'ஹீலிங்', அதாவது மனக்காயம் ஆற்றுதல் என்ற சொல் ஒரு தனிச் சந்தையாகவே வளர்ந்தது. அந்தப் பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது, சுற்றுலா வந்தது, உணவகம்கூட வந்தது. 2010-இன் இறுதியில் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், வலிக்கிறதென்றால் அதுதான் இளமை என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய அறிவுரைப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. சில ஆண்டுகளிலேயே அதே இளைஞர்கள் அந்தத் தலைப்பைக் கேலிப்பொருளாக்கினார்கள். வேலை நிரந்தரமில்லை, வீட்டு வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லை, இந்த நிலையில் வலியை இளமையின் அழகு என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? காதல், திருமணம், பிள்ளைப்பேறு மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்ற பெயர் 2011 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. 2015-இல் தங்கள் நாட்டையே, அதன் பழைய முடியரசின் பெயரைச் சேர்த்து, 'நரக ஜோசன்' என்று அழைக்கும் அளவுக்குக் கசப்பு முற்றியிருந்தது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஈசிடி அமைப்பின் நாடுகளிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக உள்ள நாடு என்ற துயரமான நிலையும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது. ஆறுதல் மலிந்த ஊரில், ஆறுதல் சொல்பவர்களின் மீதே நம்பிக்கை போயிருந்த காலத்தில், 'என் வார்த்தை வெறும் வார்த்தைதான்' என்று சொல்லும் ஒரு பாடல் வருகிறது. கேட்டவர்கள் காதைக் கொடுத்தார்கள்.

எனக்கு இது புரிந்த விதம் கொரியாவோடு தொடர்பில்லாதது. என் தந்தை இறந்த பிறகு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. ஆனால் படுக்கையில் கிடக்காமல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்றார் ஒருவர். "இனிமே நீதாம்மா அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்றார் இன்னொருவர். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டித் தலையாட்டி என் கழுத்து வலித்தது. எதிர்வீட்டு ஆயா ஒருவர் மட்டும் வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தச் சொல்ல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தபோது வாங்கிக் குடித்தார், டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவிவைத்தார், இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனார். அம்மா அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

ஜோங்ஹ்யுன் இந்த மொழியை எங்கே கற்றார் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு விடை இருக்கிறது: வானொலியில். 1990-இல் பிறந்த அவர் 2008-இல் ஷைனி குழுவின் முன்னணிக் குரலாக அறிமுகமானவர். அடுத்த ஆண்டே குழுவின் பாடலுக்குச் சொற்கள் எழுதத் தொடங்கினார்; 2013-இல் பாடகி ஐயூவுக்கு ஒரு பாடல் எழுதிக்கொடுத்தார்; 2015-இல் தன் பெயரில் தனித்தொகுப்பு வெளியிட்டார். ஆனால் அவருடைய எழுத்து மாறியது 2014 பிப்ரவரியிலிருந்து 2017 ஏப்ரல் வரை எம்பிசி பண்பலையில் நள்ளிரவுக்கு மேல் அவர் நடத்திய 'நீல இரவு' நிகழ்ச்சியில்தான் என்று நான் நினைக்கிறேன். கொரிய வானொலியின் உயிர்நாடி நேயர் கடிதங்கள். தேர்வில் தோற்றவர், வேலையை விடலாமா என்று யோசிப்பவர், அன்று மாலைதான் காதலை இழந்தவர் எல்லோரும் தங்கள் கதையை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதைப் படிப்பார், ஓரிரு வார்த்தை சொல்வார், ஒரு பாட்டு போடுவார். பாடல் வந்தபோதே இரண்டாண்டுகளாக இரவு தோறும் முகம் தெரியாதவர்களின் துயரத்தைத் தன் குரலால் படித்த ஒருவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கும். ஒன்று, யாருடைய துயரமும் கடிதத்தில் முழுதாக வராது. மற்றொன்று, அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. 'நாளைக்கும் ஓய்வெடுக்க வாருங்கள்' என்று சொல்லித்தான் அவர் நிகழ்ச்சியை முடிப்பார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டார். நாளைக்கும் வாருங்கள், அவ்வளவே.

இந்த நிகழ்ச்சியின் நேயர் கதைகளிலிருந்து பாடல்கள் செய்யும் ஒரு வழக்கமும் இருந்தது. அவற்றைத் திரட்டி 2015 செப்டம்பரில் அவர் வெளியிட்ட தொகுப்பிலுள்ள, நாளின் முடிவைப் பற்றிய பாடலைக் கேட்டவர்களுக்குப் 'பெருமூச்சு' ஒரு தொடர்ச்சியாகவே படும். வேலை முடிந்து பிரியும்போது கொரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் 'நிறையப் பாடுபட்டீர்கள்' என்ற வழக்கமான சொல் இரண்டிலும் வருகிறது. அலுவலகத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது யோசிக்காமல் சொல்லும் சொல் அது. 'பெருமூச்சு' பாடலின் கடைசி வரியில் அதே சொல் வந்து அமரும்போது, அன்றைய நாளை வெறுமனே கடந்து வந்ததையே ஒரு முழு நாள் வேலையாக அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய சரணத்தில் அதற்கான ஆதாரத்தையும் வைத்துவிடுகிறார்: மற்றவர்கள் கண்ணுக்கு அது உற்சாகம் கெடுக்கும் பெருமூச்சாகத் தெரியலாம், ஆனால் அந்தச் சின்னப் பெருமூச்சைக்கூட விட முடியாத ஒரு நாளை நீங்கள் கழித்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆழம் தெரியாது என்று சொன்னவர் இப்போது ஒன்றே ஒன்று மட்டும் தெரியும் என்கிறார். தெரியாததையும் தெரிந்ததையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்த பாடலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பாடல் பெரும்பாலும் மரியாதை நடையில் பேசுகிறது. காதலரிடமோ தோழரிடமோ பேசும் நடை இடையில் ஓரிரு அடிகளில் மட்டும்தான் எட்டிப்பார்க்கிறது. அணைத்துக்கொள்கிறேன் என்பதும் அந்த மரியாதைக்குள்ளேயே வருகிறது. அதனால் அந்த அணைப்பில் உரிமை கொண்டாடுதல் இல்லை, நெருங்கிவிட்டோம் என்ற பாவனை இல்லை. கடிதம் எழுதிய நேயரிடம் அறிவிப்பாளர் பேசும் தொனி அது. தமிழில் யாராவது இதை மொழிமாற்றினால் 'நீ' என்று தொடங்கிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. அப்படி மாற்றினால் பாடலில் பாதி போய்விடும்.

இதைப் பாட லீ ஹாயின் குரல் தேவைப்பட்டது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். கொரிய பேலட், அதாவது மெதுவான உணர்ச்சிப் பாடல் என்பது பொதுவாக உச்சத்தை நோக்கி ஏறும் வடிவம். மெல்லத் தொடங்கி, வயலின்கள் சேர்ந்து, கடைசியில் பாடகர் தன் தொண்டையின் முழு வலுவையும் காட்டிக் கேட்பவரை அழவைப்பதுதான் அதன் பழகிய இலக்கணம். இந்தப் பாடலிலும் ஏற்றம் உண்டு, ஆனால் அவர் அதைச் சாதனையாகக் காட்டுவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஊறிய குரல் அவருடையது. வரியின் முடிவில் சொல்லைக் கூர்மையாக வெட்டாமல் காற்றோடு கலந்து விட்டுவிடுகிறார். இயர்ஃபோனில் கேட்டால் வரிகளுக்கிடையே அவர் மூச்சு எடுப்பதும் கேட்கும். மற்றப் பாடல்களில் நாம் பொருட்படுத்தாத அந்த ஒலி இங்கே பொருளோடு சேர்ந்துகொள்கிறது. மூச்சு விடுங்கள் என்று சொல்பவர் தானும் விட்டுக்காட்டுகிறார். ஜோங்ஹ்யுன் இதைத் தன் மேடையில் பாடியதும் உண்டு. அவருடைய குரல் மேலே எழும் இயல்புடைய, உணர்ச்சியில் வெடிக்கும் குரல். அதில் வேறொரு அழகு. ஆனால் ஆறுதல் சொல்பவர் அழத் தொடங்கினால் கேட்பவர் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். லீ ஹாய் நிதானத்தைக் கைவிடாமல் இருப்பதுதான் பாடலுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பிறகு 2017 டிசம்பர் 18 வந்தது. பல காலம் மனச்சோர்வோடு வாழ்ந்த ஜோங்ஹ்யுன் அன்று தன் 27-ஆவது வயதில் தற்கொலையால் இறந்தார். அதற்கு அடுத்த மாதம், கோயாங் நகரில் நடந்த 32-ஆவது கோல்டன் டிஸ்க் விருது விழாவில் லீ ஹாய் இந்தப் பாடலை அவர் நினைவாகப் பாடினார். நிதானமான அந்தக் குரல் நடுவழியில் உடைந்தது. சில வரிகளைப் பாட முடியாமல் நின்றார். கீழே அமர்ந்திருந்த சக பாடகர்கள் அழுதுகொண்டிருந்ததைக் கேமரா காட்டியது. அதே விழாவில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான முதன்மை விருதைப் பெற்ற ஐயூ, பிரிந்துபோன நண்பரைப் பற்றிப் பேசினார். மற்றவர்களைத் தேற்றுவதே தொழிலாகக் கொண்ட கலைஞர்கள் முதலில் மனிதர்களாகத் தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும், தொழில்முறைக் கட்டுப்பாடு என்ற பெயரில் வெளிக்காட்டாமல் இருந்து உள்ளுக்குள் இன்னும் நோயுறக் கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். விருது மேடையில் அப்படிப் பேசுவது கொரியாவில் அன்றைக்கு எளிய காரியம் இல்லை.

அந்த நாளிலிருந்து இந்தப் பாடலைப் பற்றி எழுதப்படும் ஏறக்குறைய எல்லாமே ஒரே திசையில் போகின்றன. ஜோங்ஹ்யுன் தான் கேட்க விரும்பிய வார்த்தைகளைத்தான் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்தார், இது உண்மையில் உதவி கேட்ட குரல், நாம்தான் கவனிக்காமல் விட்டோம் என்கிறார்கள். காணொளியின் கீழே ஆண்டுகள் கடந்தும் அதே வருத்தம் பல மொழிகளில் குவிந்துகொண்டிருக்கிறது. அந்த வருத்தம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் காரணம் எளிது. முடிவு தெரிந்தபின் தொடக்கத்திலிருந்து வரிகளைத் தேடினால் யாருடைய எழுத்திலும் தடயம் கிடைக்கும். அவர் எழுதியவற்றில் குறும்பான பாடல்கள் இருக்கின்றன, ஆட்டத்துக்கான பாடல்கள் இருக்கின்றன, காதலின் கிளர்ச்சியை வெட்கமில்லாமல் கொண்டாடும் பாடல்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பாடலை மட்டும் வாக்குமூலமாக்குவது அவரைச் சுருக்குவதாகும். இரண்டாவது, அது அவருடைய கைத்திறனை மறைத்துவிடுகிறது. இந்தப் பாடல் யாரோ உடைந்துபோய்க் கொட்டிய வரிகள் அல்ல. உடம்பில் தொடங்கி, அனுமதி தந்து, அந்த அனுமதியையே ஐயப்பட்டு, அறியாமையை ஒப்புக்கொண்டு, ஒன்றே ஒன்றை மட்டும் தெரியும் என்று சொல்லி, நன்றியில் முடியும் ஒரு திட்டமான கட்டுமானம். 25 வயதுக் கலைஞர் ஒருவர் பத்தொன்பது வயதுப் பாடகியின் குரலுக்கு அளவெடுத்துச் செய்துகொடுத்தது. அந்தத் திறனுக்கு உரிய பாராட்டு அவருக்குச் சேர வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. இன்னொருவரின் பெருமூச்சின் ஆழத்தை அளக்க முடியாது என்று எழுதியவரின் ஆழத்தை, அவர் எழுதிய பாட்டைக் கொண்டே அளந்துவிட்டதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். பாடல் கேட்டுக்கொண்டதற்கு நேரெதிரான காரியம் இது. அவர் மற்றவர்களிடம் காட்டிய அந்தப் பணிவை, 'எனக்குத் தெரியாது' என்ற ஒதுக்கத்தை, அவருக்கும் காட்டுவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். மனச்சோர்வு ஒரு நோய். அதன் காரணங்களும் போக்கும் ஒரு பாட்டின் வரிகளில் அடங்குபவை அல்ல. அதேபோல, பாட்டு அதற்கு மருந்தும் அல்ல. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தால், பாட்டோடு நிறுத்திவிடாமல் ஒரு மனிதரிடம் பேச வேண்டும். இந்தியாவில் அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் நான் சொல்ல விரும்புவது வேறொரு நிகழ்ச்சி. 2013 டிசம்பரில் கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றின் சுவரில் ஒரு மாணவர் கையால் எழுதிய சுவரொட்டி ஒன்றை ஒட்டினார். 'எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா?' என்பது அதன் கேள்வி. நாட்டில் நடப்பவற்றைப் பார்த்துக்கொண்டும் நலமாக இருக்க முடிகிறதா என்று அது கேட்டது. சில நாட்களிலேயே நாடு முழுவதும் இளைஞர்கள் தங்கள் தங்கள் பதிலை எழுதி ஒட்டத் தொடங்கினார்கள். அவர்களில் பாலினச் சிறுபான்மையினரான ஒரு மாணவர், தான் நலமாக இல்லை என்று எழுதினார். ஜோங்ஹ்யுன் அந்தச் சுவரொட்டியின் படத்தைத் தன் ட்விட்டர் முகப்புப் படமாக வைத்ததோடு, அந்த மாணவருக்குத் தனியாகச் செய்தியும் அனுப்பினார். புகழின் உச்சத்திலிருந்த ஓர் ஐடல் பாடகருக்கு அந்த நாட்டில், அந்த ஆண்டில், இது சாதாரணத் துணிவு இல்லை. பாடலில் இருக்கும் நீட்டிய கை அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே வெளியே, நிஜத்தில், முன்பின் தெரியாத ஒருவரை நோக்கி நீண்டிருக்கிறது. 'பெருமூச்சு' யாருக்காக எழுதப்பட்டது என்று தேடுபவர்கள் இந்தத் திசையில் பார்க்கலாம்.

அவர் மறைவுக்குப் பின் 2018 ஜனவரியில் அவருடைய கடைசித் தொகுப்பு வெளியானது. அவருடைய தாயார் முன்னின்று தொடங்கிய 'பிச்சினா' அறக்கட்டளை, இளம் கலைஞர்களுக்கு மனநல ஆலோசனையும் பொருளுதவியும் வழங்கி வருகிறது. லீ ஹாய் 2019-இன் இறுதியில் ஒய்ஜி நிறுவனத்தை விட்டு விலகி, அடுத்த ஆண்டு ஏஓஎம்ஜி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் வெளியிட்ட, தனிமையைப் பற்றிய மெல்லிய பாடலும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கொஞ்சம் நம்பிக்கை முந்திக்கொள்கிறது.

புதிதாகக் கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் 2018 விருது விழாப் பதிவுதான். அதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அதிலிருந்து தொடங்காதீர்கள். அதில் நீங்கள் கேட்பது பாடலை அல்ல, ஒரு இழப்பை. அதுவும் வேறொருவர் மேடையில் நின்று, கேமராவுக்கு முன்னால், தாங்கிக்கொண்டிருக்கும் இழப்பை. 2016-இன் ஒலிப்பதிவை, படம் எதுவும் பார்க்காமல், இயர்ஃபோனில் கேளுங்கள். கொரியம் தெரியாவிட்டால் முதல்முறை வரிகளின் பொருளைத் தேட வேண்டியதில்லை. முதல் இரண்டு அடிகளில் குரல் எங்கே மூச்சு எடுக்கிறது, எங்கே விடுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். இரண்டாம் முறை கேட்கும்போது பொருளை வைத்துக்கொண்டு கேட்கலாம். விருது விழாப் பதிவை அதன் பிறகு பாருங்கள், அல்லது பார்க்காமலே விட்டாலும் பாடலில் எதுவும் குறையப்போவதில்லை.